அழுக்கே படாத நாலு விரிப்பு

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் நுரையக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினாறு வருடமாக முழங்கை வரை நுரையோடுதான் திரிகிறாள். விரிப்பைப் பார்த்தே எந்த வார்டு, என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள்.

அன்றைக்குக் கொதித்துப்போய் வந்திருந்தாள். இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆன அவள் நாத்தனார், கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் பாயில் கிடந்தாள். தரையிலிருந்து ஒருமுறை எழுந்திருப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அந்தக் கோபத்தோடு ஒரு மூட்டையை அவிழ்த்தாள். நாலு விரிப்பு, ஓரத்தில் 'சிறப்பு அறை' முத்திரை. போன வாரம் போட்ட இஸ்திரி மடிப்பு கலையவே இல்லை. எத்தனையோ வாரம் இதைப் பார்த்து, 'அப்பாடா, வேலை மிச்சம்' என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் உறைத்தது. பெரிய மனிதர்களுக்கென்று பூட்டிவைத்த அறையில், யாருமே படுக்காத நாலு கட்டில்!

"அடப் பாவிகளா!"

ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. விரிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடி, வராந்தாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்த தலைமை டாக்டரம்மாவை மறித்தாள்.

"இதுல ஒரு கறை காட்டுங்கம்மா. ஒரே ஒரு தலைமுடி காட்டுங்க. இப்பவே வேலையை விட்டுப் போயிடறேன்!"

டாக்டரம்மா விரித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார், வெறும் சோப்பு வாசனை. கூடவே வந்துகொண்டிருந்த, அந்த அறையின் சாவி வைத்திருந்த மேனேஜர், "மேலிடத்து உத்தரவு..." என்று மென்று விழுங்கினார்.

"மேலிடத்துக்கு உடம்பு சரியில்லேன்னா அப்ப பாத்துக்கலாம். கதவைத் திறங்க!" என்றார் டாக்டரம்மா.

திறந்தேவிட்டார்கள்! வராந்தாவே எழுந்து உட்கார்ந்து கைதட்டியது.

"உங்க நாத்தனாரை முதல்ல கொண்டுபோகவா அக்கா?" என்று நர்ஸ் கேட்டாள்.

'ஆமாம்' என்பது நுரையக்காவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் அவளும் ஒரு பெரிய மனுஷிதானே?

"யாருக்கு ரொம்ப முடியலையோ, அவங்க முதல்ல."

நர்ஸ் வரிசை போட்டாள். நாத்தனார் ஐந்தாவது.

"ஊருக்கெல்லாம் கட்டில் வாங்கிக் குடுத்துட்டு, எனக்கு மட்டும் பாயா அண்ணி?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கடி, கண்ணு." நுரையக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மூன்றாம் நாள் ஒரு கட்டில் காலியானது. நாத்தனார் ஏறிப் படுத்தாள்.

அடுத்த வாரம் அதே மூட்டை வந்தது. நாலு விரிப்பும் கசங்கி, மருந்து வாடையோடு கிடந்தன. ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக டானிக் கறை. டானிக்கைச் சிந்தாமல் குடித்ததாக நாத்தனாருக்குச் சரித்திரமே கிடையாது.

"ஏய், இங்க வாங்கடி எல்லாரும்! அழுக்கு வந்திருக்குடி, அழுக்கு!" என்று கூடமே அதிரக் கூவினாள் நுரையக்கா.