துரைக்கு ஜோடி

அந்த அமெரிக்கர் தூத்துக்குடிக்கு வந்தபோது இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஒரு நீளமான தோல் பையும் கொண்டுவந்தார். பையில் குழாய்ச் சாமான் ஏதோ இருக்கிறது என்று நினைத்த ஜீப் டிரைவர் அதைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மறுநாள் அலுவலகம் முழுவதும் அதைத் தேடி அலைந்தோம். கடைசியில் கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே பதினான்கு கோல்ஃப் மட்டைகள்.

எழுபதுகளின் முதல் பாதி அது. புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலடி மண்ணை வாரும் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக ஒரு வெளிநாட்டு ஒப்பந்தக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. அந்தக் கம்பெனியின் சிறிய அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் சொல்லும் கடிதங்களைச் சுருக்கெழுத்தில் எடுத்து அடித்துக் கொடுப்பது, வரும் கடிதங்களைப் பிரித்துக் கோப்பில் வைப்பது, இவைதான் என் வேலை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரர் ஆட்சி முடிந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் துறைமுகத்தில் எல்லோரும் அவரைத் துரை என்றே சொன்னார்கள்.

டைப் அடித்துப் பிழைத்தாலும், என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் ஹாக்கி ஆடுகிறேன் என்றுதான் எனக்கு முதலில் வாயில் வரும். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன் அப்படிச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். அதில் நான் ரைட் இன், முன்வரிசையில் வலப்பக்கம் நின்று ஆடுகிறவன். கேப்டன் ஒரு டாலி கிளார்க். கப்பலில் ஏறும் இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவர். நாற்பது வயதிலும் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடுவார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம்.

துரை வந்த இரண்டாம் மாதமே உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே உடைமரங்கள் நின்ற ஒரு தரிசு நிலத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். அங்கே புல் கிடையாது. ஆறு இடங்களில் பால்மாவு டின்களைப் புதைத்துக் குழிகள் ஆக்கினார். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மணலில் இயந்திரக் கழிவு எண்ணெயைக் கலந்து கெட்டிப்படுத்தி, பந்து உருளும்படி செய்தார். காலையில் அலுவலகத்துக்கு முன் ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை முழுக்காலையும் தனியாக அடித்துக்கொண்டிருப்பார். உப்பு சுமக்கும் பெண்களுக்கு அது வேடிக்கை.

"ஏளா, இங்கன பாரு. தொர மறுபடியும் பந்தத் தொலச்சிட்டு நிக்காரு."

ஒருநாள் அவசரக் கையெழுத்து வாங்க நான் அங்கே போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹாக்கிக்காரனாமே, ஒன்று அடித்துப் பார் என்று மட்டையை நீட்டினார். அடித்தேன். ஹாக்கியில் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினால் தப்பு. அதனால் என் கை தோள் வரைதான் போயிற்று. ஆனாலும் பந்து நூல் பிடித்ததுபோல் நேராகப் போய் மூன்றாம் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. துரை தொப்பியைக் கழற்றி என்னையே பார்த்தார்.

"நாளைக் காலை ஆறு மணிக்கு வா" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் அவரோடு சமமாக ஆடினேன். ஒரு வருடத்தில் அவரைத் தோற்கடித்தேன். தோற்றால் கோபப்பட மாட்டார், கை கொடுப்பார். அலுவலகத்தில் உட்காரச் சொல்லாத மனிதர், அந்தத் தரிசு நிலத்தில் ஒரே பாட்டிலில் இருந்து எனக்கும் தண்ணீர் கொடுத்தார். அது எனக்குப் பெரிதாக இருந்தது. இன்றைக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆடிக்கொண்டே வியட்நாமைப் பற்றிப் பேசுவார். நான்கு வருடம் அங்கே துறைமுக வேலை பார்த்தவர். சைகோனில் ஊர் ஓரத்தில் அவர் ஆடிய மைதானத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்களாம். பந்து கம்பிக்கு அந்தப் பக்கம் போனால் எடுக்கப் போகக் கூடாது, கண்ணிவெடி இருக்கும். புதுப் பந்து வைத்துக்கொள்ளலாம், அதற்கு அபராதம் இல்லை. தூரத்தில் குண்டுச் சத்தம் கேட்கும். இவர்கள் அடுத்த குழிக்கு நடப்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்த ஊர்க்காரன் ஒருவனைப் பற்றி அடிக்கடி சொல்வார். இவருடைய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன்.

"இரண்டு வருடம் அவனும் நானும் ஜோடி. எங்களை யாரும் ஜெயித்ததில்லை. இப்போது நீ" என்பார்.

இப்போது நீ என்றதைக் கேட்டு நான் எத்தனை நாள் பூரித்திருக்கிறேன்.

ஹாக்கி கெட்டுக்கொண்டிருந்தது. கோல்ஃபில் மட்டையை மேலே தூக்கிப் பழகிய கை, ஹாக்கி மைதானத்திலும் மேலே போயிற்று. நடுவர் விசில் ஊதுவார். கேப்டன் ஓடி வந்து, "தோளுக்கு மேல தூக்காதலே, எத்தன தடவ சொல்லுதது" என்பார். காலைப் பயிற்சிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் போனேன். அப்படியும் மாவட்டப் போட்டியில் நாங்கள் இறுதிக்கு வந்துவிட்டோம். கோவில்பட்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதே ஞாயிறு மேற்கே மலையில் ஒரு தேயிலைத் தோட்டக் கிளப்பில் கோல்ஃப் போட்டி. துரைக்கு அழைப்பு வந்திருந்தது. கடிதத்தைப் பிரித்தது நான்தான். ஜோடியாக ஆடும் போட்டி. துரை படித்துவிட்டு, "நீ என்னோடு வருகிறாய்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஜோடிப் போட்டிக்கு என்னை வேறு எதற்குக் கூப்பிடுவார்?

கேப்டனிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"கம்பெனி வேலையா மலைக்குப் போகணும் அண்ணாச்சி."

"ஞாயித்துக்கெழம என்னலே கம்பெனி வேல?"

"ஏதோ கடிதமெல்லாம் இருக்காம். டைப் அடிக்கணும்."

"அந்தாளுக்கிட்ட நான் வந்து கேக்கட்டா?" என்றார். வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். "சரி. அப்ப ரைட் இன்னுல யார நிப்பாட்ட?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைத்தெருவில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கினேன். சனிக்கிழமை ஜீப்பில் போனோம். துரைக்குக் கிளப்பில் அறை. என்னை டிரைவர்கள் தங்கும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அறைகள் உறுப்பினருக்குத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காலையில் குளித்து, ஷூ போட்டு, முதல் குழிக்குப் போனேன். ஒரு மேஜையில் பேரேடு வைத்து எழுதிக்கொண்டிருந்தவர் பித்தளை வில்லை ஒன்றை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு எண். பை தூக்குகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்வது. நான் வாங்காமல், நான் ஆடுகிறவன் என்றேன். அவர் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். துரையின் பெயருக்கு எதிரே ஜோடியாக ஒரு தோட்ட மேனேஜரின் பெயர் இருந்தது. கடைசிக் கட்டத்தில், பை தூக்குபவர் என்ற தலைப்பின் கீழ், என் பெயர். துரையின் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

துரை வந்தார். என் ஷூவைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"கிளப்பின் விதி. உனக்குப் புரியும்" என்றார்.

"புரிகிறது சார்" என்றேன்.

பையைத் தூக்கினேன். பதினெட்டுக் குழிகள், ஏற்றமும் இறக்கமுமாக. அந்த மேனேஜர் நம்மூர்க்காரர்தான், சென்னைப் பக்கம். "தம்பி, பையைச் சேத்துல வைக்காதப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் அடித்த பந்துகள் பாதி தேயிலைச் செடிக்குள் போயின. நான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பச்சைப் புல் விரித்த மைதானத்தைப் பார்க்கிறேன். ஒரு அடிகூட அடிக்கவில்லை.

அன்று நடந்ததில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. பதினாறாம் குழியில் காற்று எதிரே அடித்தது; நடுவில் ஒரு பள்ளம். துரை ஏழாம் நம்பர் மட்டையைக் கையில் எடுத்துவிட்டு, மனசு நிற்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீயாக இருந்தால்?"

ஏழே சரி என்று சொல்லியிருக்கலாம். பந்து பள்ளத்தில் விழுந்திருக்கும். அல்லது ஒன்றும் பேசாமல் நின்றிருக்கலாம். நான் இன்னும் தூரம் போகும் ஐந்தாம் நம்பரை உருவித் துடைத்துக் கொடுத்தேன். பந்து குழியிலிருந்து இரண்டடி தூரத்தில் போய் நின்றது. மேனேஜர் கை தட்டினார். அந்த ஒரு அடியால் அவர்களுக்கு இரண்டாம் பரிசு. வெள்ளிக் கோப்பை கொடுத்தபோது நான் ஜீப் பக்கத்தில் நின்று கைதட்டல் சத்தத்தை மட்டும் கேட்டேன். திரும்பும் வழியில் துரை எனக்கு ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

திங்கட்கிழமை துறைமுக வாசலில் கேப்டன் நின்றிருந்தார்.

"தோத்துட்டோம்லே. ரெண்டுக்கு ஒண்ணு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் இடத்தில் இறங்கியவன் கடற்கரைத் தெருப் பையன். இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்து எங்களுக்காகக் கத்தியவன். எங்களுடைய ஒரே கோலை அவன்தான் போட்டான் என்றார். ரயில்வே அணிக்கு ஆள் எடுக்க இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்களாம். ஆட்டம் முடிந்ததும் அவன் விலாசத்தை எழுதிக்கொண்டு போனார்களாம்.

"அவங்க ஒன்னப் பாக்கத்தான் வந்தாங்க. நாந்தான் கடுதாசி போட்டு வரச் சொன்னேன்."

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஒனக்குக் கை நடுங்கும். ஆட்டம் வராது. அதான் சொல்லல." பிறகு, "மலையில என்ன டைப் அடிச்ச?" என்று கேட்டார்.

ஜீப் டிரைவர் முன்னமே அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பயிற்சிக்குக் கூப்பிடவில்லை. அந்தப் பையனுக்கு மூன்று மாதத்தில் ரயில்வேயில் வேலை வந்தது. ஊரே மாலை போட்டு ஸ்டேஷனில் ஏற்றிவிட்டது. நான் போகவில்லை.

துரையை விட்டேனா என்றால், அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறும் ஆறு மணிக்கு அந்தத் தரிசு நிலத்துக்குப் போனேன். ஹாக்கி மைதானத்துக்குப் போக முகம் இல்லாதவனுக்கு வேறு எங்கே போவது? மலையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்று அவரைத் தோற்கடித்தேன். கை கொடுத்தார்.

மாசி கடைசியிலோ பங்குனியிலோ சைகோனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கம்போல் பிரித்தேன். அந்த மொழிபெயர்ப்பாளன் எழுதியது. என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். ஊர் நிலைமை மோசமாகிறது என்றும், அமெரிக்கர்களிடம் வேலை பார்த்தவர்களை வெளியே அனுப்புவதாகப் பேச்சு இருக்கிறது என்றும், தான் இவரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்ததற்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும் என்றும் கேட்டிருந்தான். மனைவி, மூன்று குழந்தைகள் என்று எழுதியிருந்தான். கோல்ஃபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேஜையில் வைத்தேன். துரை படித்தார். இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டார். நான் சுருக்கெழுத்து நோட்டோடு நின்றேன்.

"மண் வாரும் கணக்கு அறிக்கையை எடுத்துக்கொள்" என்றார்.

நான்கு வரி. எனக்கு இரண்டு நிமிட வேலை. நானே அடித்துக் கையெழுத்துக்கு நீட்டியிருந்தால் ஒருவேளை போட்டிருப்பார். தினமும் நினைப்பேன், ஒருநாளும் செய்யவில்லை. சித்திரையில் சைகோன் வடவியட்நாம் படையிடம் விழுந்த செய்தி ரேடியோவில் வந்தது. அன்று காலை துரை நெடுநேரம் ஜன்னல் பக்கம் நின்றார். அப்போதுதான் கேட்டேன்.

"அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதலாமா சார்?"

"இனி அங்கே தபால் போகாது" என்றார்.

அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் அந்த வருத்தத்தை வைத்து சைகோனில் இருக்கும் அந்த மனிதன் என்ன செய்வான்?

ஆனி மாதம் கம்பெனி வேலை முடிந்தது. துரை புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னை உட்காரச் சொன்னார். அலுவலகத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு நன்னடத்தைச் சான்று கொடுக்கப்போவதாகச் சொல்லி, கடிதத்தை என்னையே சுருக்கெழுத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நேர்மையானவன், நேரம் தவறாதவன், தட்டச்சில் பிழை செய்யாதவன் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: என் விளையாட்டுப் பொழுதுகளிலும் மனமுவந்து உதவியாக இருந்தான்.

பென்சில் நின்றுவிட்டது.

"எழுதினாயா?" என்றார்.

"எழுதிவிட்டேன் சார்."

அந்த வரியையும் பிழையில்லாமல் அடித்தேன். கையெழுத்துப் போட்டுக் கை கொடுத்தார். டிரங்குப் பெட்டிகளும் தோல் பையும் ஜீப்பில் ஏறின. நான் ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பினேன்.

அடுத்த மாதம் ஒரு உப்புக் கம்பெனியில் வேலைக்குப் போனபோது அந்தச் சான்றைத்தான் காட்டினேன். வேறு காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. மேலாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"வெளையாட்டுல உதவின்னு போட்டிருக்கு. என்ன வெளையாட்டு?"

"கோல்ஃப்."

"நமக்கு வருமா அது?"

"ஆடத் தெரியாது சார். கூடப் போவேன், அவ்வளவுதான்" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.