முத்தம்மா போட்ட கூறு

“இன்னா பாப்பா, நானும் அப்பத்திலேர்ந்து பாக்கறேன், வாய்க்குள்ளயே எதயோ முணுமுணுத்துக்கினு கீற. ஜபமா?”

ஹம்சினி திரும்பினாள். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், காலியான அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஒரு மீன்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

“பறவை எண்ணறேன்.”

“எத்தினி?”

“நூத்தி நாப்பது வரைக்கும் வந்தேன். நீங்க பேசினதுல விட்டுப்போச்சு.”

“அய்ய, எம் மேல பழிய போடாத. இருநூத்தி அறுவது கீது.”

“எண்ணினீங்களா?”

“பின்ன, ஜோசியமா பாத்தேன்?”

ஹம்சினி நம்பவில்லை. முதலிலிருந்து எண்ணினாள். இருநூற்று ஐம்பத்தெட்டில் கூட்டம் எழும்பிப் பறந்துவிட்டது.

“ரெண்டுதான் பாக்கி,” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அது 1997 ஜனவரி. அந்தப் பெண் பட்டினப்பாக்கத்து முத்தம்மா. படகு கரைக்கு வந்ததும் கொட்டும் மீனை ஏலத்தில் எடுத்து, தெருத்தெருவாக விற்பவள். ஏலக்காரன் வாய் திறப்பதற்குள் குவியலில் எத்தனை மீன் என்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. பறவைக் கூட்டத்தையும் அப்படித்தான் பார்த்தாள். பார்வையாலேயே இருபது இருபதாகக் கூறு போட்டு, கூறுகளை எண்ணி, மிச்சத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வரும் ஹம்சினி, அடையாற்றில் ஓர் ஆய்வு நிலையத்தின் நூலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் இன்டர்நெட் இருந்தது. பல நாட்டுப் பறவை ஆய்வாளர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். எந்தக் கரையில் எந்தப் பறவை எத்தனை என்று எல்லாரும் எழுத, ஒருவர் அதையெல்லாம் அட்டவணையாக்கி ஒரு வலைப்பக்கத்தில் போடுவார். அதில் சென்னைக்கு ஒரு வரிகூட இல்லை. முத்தம்மாவை எண்ணச் சொல்லிக் கேட்டு, ஹம்சினி அனுப்பத் தொடங்கினாள். எண்ணியவர் என்ற இடத்தில் முத்தம்மா, மீன் விற்பவர் என்றே எழுதினாள்.

பிப்ரவரியில் முத்தம்மா சொன்ன எண்ணிக்கை கொசு உள்ளான் நானூற்றுப் பன்னிரண்டு. சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அட்டவணைக்காரரிடமிருந்து பதில் வந்தது: எந்த முறையில் எண்ணினார்? சான்று இல்லாவிட்டால் இவருடைய எண்ணிக்கைகள் அனைத்தையும் நீக்க வேண்டியிருக்கும்.

நல்ல வேளையாக, முத்தம்மா எண்ணிய அன்று ஹம்சினி நிலையத்துக் காமிராவை வாங்கிக்கொண்டு போயிருந்தாள். முழுக் கூட்டமும் ஒரே படத்தில் விழுந்திருந்தது. பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஒவ்வொரு தலையிலும் குண்டூசியால் குத்திக் குத்தி எண்ணினாள். நானூற்று ஒன்பது. மறுபடி எண்ணினாள். அதேதான்.

தயங்கித் தயங்கிப் படத்தைக் கரைக்கு எடுத்துப் போனாள். முத்தம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“தலய எண்ணுனியா? ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா தல மறையும். கால பாரு.” நகத்தால் மூன்று இடங்களைத் தொட்டாள். மூன்றிலும் ஒரு தலைக்குக் கீழே நாலு கால். “இப்ப எத்தினி?”

“நானூத்திப் பன்னண்டு.”

“வந்துட்டாடி மவராசி,” என்று பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த தங்கத்திடம் சொல்லிச் சிரித்தாள் முத்தம்மா.

படமும் விளக்கமும் தபாலில் போயின. ஏப்ரலில் அட்டவணை வெளிவந்தது: அடையாறு முகத்துவாரம், பதினோரு நாள், பதினோரு எண்ணிக்கை, முத்தம்மா. கீழே, கால்களை எண்ணிச் சரிபார்க்கும் முறையை எல்லாருக்கும் பரிந்துரைத்து ஒரு குறிப்பு. ஹம்சினி அதைப் பிரின்ட் எடுத்து, கரையில் நின்று, தன் வழக்கத்துக்கு மாறாக உரக்க, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். தங்கம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். ஏலத்துக்கு வந்தவர்களும் சுற்றி நின்றார்கள்.

முத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ஒவ்வொரு நம்பருக்கு முன்னாலயும் புழு மாரி நெளிஞ்சிக்கினு கீதே, அது இன்னா?”

“சுமார்னு அர்த்தம்.”

“யாரு போட்டது? அந்தத் தொரையா?”

“இல்ல. அனுப்பும்போது நான்தான் போட்டேன். எல்லாரும் போடுவாங்க.”

முத்தம்மா காகிதத்தை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். கூடையைத் தூக்கினாள். பிறகு, ஏலத்தில் கேட்கும் குரலில் இல்லாமல், மெதுவாகக் கேட்டாள்:

“அடுத்த தபா அத எடுத்துடு கண்ணு. நா எண்ணிதான் சொன்னேன்.”