தேவராஜ் பேருக்கு ஒரு அர்ச்சனை

சிங்கவரம் பெருமாளை நம்பியிருக்கிற அன்பர்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வியாதி தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல. ஓர் ஏழை மனிதரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். பெருமாள் என் வாயை எப்படித் திறந்தார் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சென்னையில் பி.காம். சேர்ந்தேன். அந்த வருடம் எங்கள் கல்லூரியில் வணிகப் பாடத்தோடு மெஷின் கணக்கு என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அட்டையில் துளை போட்டு, அந்த அட்டைகளை மெஷினில் ஓட்டினால் அதுவே பிரித்து, கூட்டி, அச்சடித்துக் கொடுத்துவிடும். இனி வரும் காலத்தில் கம்ப்யூட்டர் என்று ஒன்று எல்லா ஆபீசுக்கும் வரும், இந்தப் படிப்பு படித்தவனுக்குத்தான் மரியாதை என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அந்தச் சொல்லையே அவர் வாயில்தான் முதலில் கேட்டேன்.

லீவில் ஊருக்குப் போனபோது நைனாவிடம் இதை விளக்கினேன். அவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏன்டா, மெஷினே கணக்குப் போட்டுச்சுன்னா நீ இன்னா பண்ணுவ? பக்கத்துல குந்திகினு பாப்பியா?"

கேலி செய்தாரே தவிர, அனந்தபுரம், வல்லம் பக்கமிருந்து சாமான் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் "எம்புள்ள மெஷின் படிப்பு படிக்கிறான்" என்று சொல்லாமல் பொட்டலம் கட்டமாட்டார். அந்தப் பெருமைதான் பிறகு என் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

கல்லூரியில் மெஷின் கிடையாது. பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கம்பெனியின் மெஷின் ரூமுக்குச் சனிக்கிழமைதோறும் எங்களை அனுப்புவார்கள். அங்கே அட்டை பிரிக்கிற மெஷினை ஓட்டுகிறவர் தேவராஜ். நாற்பது வயதிருக்கும். எட்டாவது வரைதான் படித்தவர். ஆனால் சத்தத்தை வைத்தே மெஷினுக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவார். பல வருடம் வேலை செய்தும் அவரை நிரந்தரம் ஆக்கவில்லை. நிரந்தர ஆட்களுக்குத்தான் கேன்டீன் என்பதால், வீட்டிலிருந்து கொண்டுவரும் சாப்பாட்டை மெஷின் ரூமின் மூலையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். அதற்காகச் சூப்பர்வைசர் இரண்டு முறை அவரைக் கண்டித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அறுபத்தாறாம் வருடம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். காலையில் கடை திறந்ததும் தராசுக்கு மஞ்சள் பொட்டு வைக்காமல் முதல் வியாபாரம் நடக்காது. புதுக் கணக்குப் புத்தகம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். எனக்கு நினைவு தெரிந்த நாளாகப் பார்த்துப் பார்த்து, அது இல்லாமல் ஒரு காரியம் தொடங்கினால் மனசு கேட்காது. அம்மாவும் சிங்கவரத்தில் பெருமாள் பாதத்தில் வைத்தெடுத்த மஞ்சளை ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுத்திருந்தாள்.

அன்றைக்குக் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். மெஷின் ரூம் திறந்திருந்தது, ஆள் இல்லை. குழாய்த் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்தேன். வெளியே வைத்தால் கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கம். மூடியைத் தூக்கி, அட்டைகள் உள்ளே போகிற இடத்தில் இருந்த உருளை மேல் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். அது சரியாகத் தெரியவில்லை என்று இன்னும் இரண்டு வைத்தேன். கண்ணை மூடி, பெருமாளே பாஸாக்கிவிடு என்று வேண்டிக்கொண்டு, மூடியை மூடிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன்.

நாங்கள் பரீட்சை எழுதுவதற்கு முன்னால் கம்பெனியின் சம்பள அட்டைகளை ஓட்ட வேண்டியிருந்தது. தேவராஜ் வந்து அட்டைகளை விசிறி அடுக்கி மெஷினைப் போட்டார்.

கொஞ்ச நேரம் கடகடவென்று ஓடியது. பிறகு அட்டைகள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தன. மெஷின் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அட்டைகள் அப்பளம் மாதிரி நொறுங்கி வெளியே வந்தன. உள்ளே ஏதோ பட்டென்று உடைந்த சத்தம் கேட்டது, கருகிய நாற்றம் வந்தது. தேவராஜ் ஓடிப்போய் கரன்ட்டை நிறுத்தினார்.

சூப்பர்வைசர் வந்து மூடியைத் திறந்தார். உருளையெல்லாம் மஞ்சள். விரலால் தொட்டுப் பார்த்து, தேவராஜின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சாம்பார். உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சத்தியமா நான் இங்க இன்னும் ஒரு வாய் சாப்டல சார். டப்பாவைத் தொறந்துகூடப் பாக்கல. வேணும்னா பாருங்க சார்."

"நேத்து சாப்பிட்டிருப்ப."

நாங்கள் பதினோரு மாணவர்கள் வரிசையாக நின்றோம். தேவராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். என் வலது கைக் கட்டைவிரலில் மஞ்சள் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அன்று மத்தியானமே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

உடைந்த பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவரை பரீட்சை இல்லை என்று சொன்னார்கள். ஹாஸ்டலுக்கு வந்து கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்தது, புதன்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் கல்லூரியை விட்டுத் துரத்துவார்கள், நைனா கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது என்றெல்லாம் கணக்குப் போட்டேன். தேவராஜ் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஊரெங்கும் அரிசிப் பஞ்சம், ரேஷன் கடையில் விடிகாலையிலிருந்தே கூட்டம் நிற்கிற வருடம் அது. சாம்பார் ஊற்ற வந்தால் இலையை விட்டு எழுந்துவிடுவேன். ஒரு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

பங்குனியில் ஊருக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தராசுத் தட்டில் இருந்த படிக்கல்லை எடுத்துக் கீழே வைத்தார்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது நைனா."

"அப்ப வாயத் தொறக்காத. அந்தாளுக்கு வேற வேலை கெடைக்கும். ஒனக்கு வேற படிப்பு கெடைக்காது."

கெட்ட மனுஷர் இல்லை என் நைனா. கடைக்கு வருகிற பசித்தவனை வெறுங்கையோடு அனுப்பாதவர். அவரே இப்படிச் சொன்னதும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பு வருகிறது.

எங்கள் பக்கத்தில் பெரிய காரியத்துக்கு உத்தரவு கேட்கிறவர்கள் சிங்கவரம்தான் போவார்கள். மறுநாள் காலையில் தனியாக நடந்தே போனேன். படியெல்லாம் ஏறும்போது ஒரே வேண்டுதல்தான். பெருமாளே, நைனா சொன்னபடி நான் சும்மா இருந்துவிடுகிறேன், அதற்கு உத்தரவு கொடு, இந்த மனசு அரிப்பை மட்டும் எடுத்துவிடு. இதைத்தான் கேட்டேன். இதற்காக ஒரு தேங்காயும் வாங்கிக்கொண்டு போனேன்.

குகைக்குள்ளே என்னைத் தவிர யாரும் இல்லை. பள்ளிகொண்ட பெருமாளின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பட்டர் தட்டை வாங்கிக்கொண்டார்.

"யார் பேருக்குப்பா அர்ச்சனை?"

என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது, "தேவராஜ்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நட்சத்திரம்?"

தெரியவில்லை. வாரா வாரம் பார்த்துப் பேசிய மனிதர். அவர் நட்சத்திரம் என்ன, பிள்ளைகள் எத்தனை, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர், எதுவும் எனக்குத் தெரியவில்லை. "தெரியாதுங்க சாமி" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அதுக்கு ஏன்ப்பா அழற? பெருமாள் நட்சத்திரத்துக்கே பண்ணிடறேன்" என்றார் பட்டர். அந்தக் குகையில் "தேவராஜ்" என்ற பெயர் அவர் குரலில் கணீரென்று கேட்டது. அதற்குமேல் எனக்கு எந்த உத்தரவும் தேவைப்படவில்லை. கீழே இறங்கி, வீட்டுக்குப் போய் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, நைனாவிடம் சொல்லாமலே திண்டிவனம் பஸ் ஏறினேன்.

சென்னையில் நேராகக் கம்பெனிக்குப் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் முதலில் நம்பவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த மஞ்சளை எடுத்து மேஜைமேல் வைத்தேன், நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"மெஷினைப் போடறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா ஈரத்துணியால தொடச்சிருப்போம். அது முடியலன்னா, அந்தாள் கெஞ்சினப்பவாவது சொல்லியிருக்கலாம். இப்ப அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. நான் என்ன பண்றது?"

கல்லூரியில் என்னை அந்த வருடப் பரீட்சை எழுத விடவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். தேவராஜுக்கு வேலை திரும்பக் கிடைக்காது என்பதுதான் நான் எதிர்பாராதது. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வியாசர்பாடியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சுவரில் மாதா படம். அவர் மனைவி வாசலில் நின்றார். தேவராஜ் மூட்டை தூக்கித் தோள் வீங்கி, பாயில் கிடந்தார். நான் செய்ததைச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அன்னைக்கி ஒன் மூஞ்சிய நான் பாத்தேன். ஒனக்கு ஏதோ தெரியும்னு நெனச்சேன். நீ சொல்லிடுவன்னு நெனச்சேன்."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"எம் பொண்ணு ஏழாவது படிச்சிகினு இருந்துச்சி. பதினஞ்சி நாளாச்சி, ஒரு வூட்ல பாத்திரம் தேய்க்கப் போவுது. மன்னிப்ப நான் இன்னா பண்றது? போ தம்பி."

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. பதினைந்து நாள் என்றால், நான் புதன்கிழமை சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருக்கிறது.

ஊருக்குத் திரும்பினேன். நைனா என்னோடு பேசவில்லை. கடையில் மூலையில் நின்று பொட்டலம் கட்டினேன். தினம் காலையில் சிங்கவரம் போவேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு அந்த வேலையைத் திருப்பிக் கொடு என்று மட்டும் கேட்டேன். சில நாள் கோபமாகக்கூடக் கேட்டேன். நான் பேசிவிட்டேனே, நீ ஏன் பேசாமல் படுத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

சித்திரை கடைசியில் சூப்பர்வைசரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பம்பாயிலிருந்து மெக்கானிக் வந்து புதுப் பாகத்தைப் போட்டாராம். ஆனாலும் மெஷின் சரியாக ஓடவில்லை, புதிதாகச் சேர்ந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருடம் இந்த மெஷினைப் பழுதில்லாமல் வைத்திருந்தவன் யார், அவனைக் கூட்டிவந்தால்தான் நான் இதில் கை வைப்பேன் என்று மெக்கானிக் உட்கார்ந்துவிட்டாராம். தேவராஜை ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலம் பைலில் இருந்ததால் திரும்பச் சேர்க்கத் தடை இல்லாமல் போயிற்று, இந்த முறை நிரந்தரமாகவே சேர்த்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார்.

கார்டைப் படித்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். நைனா வந்து கார்டை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "போய்ட்டு வா" என்றார். அவர் என்னிடம் மறுபடி பேசியது அன்றுதான்.

தற்செயலாக நடந்தது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மாதாவைக் கும்பிடுகிற மனிதர் பெயருக்கு, தன் நட்சத்திரத்திலேயே அர்ச்சனை வாங்கிக்கொண்ட பெருமாள் அவர். அவர்தான் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்த வருடம் கல்லூரியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கினேன். இப்போது வேறு ஒரு கம்பெனியில் மெஷின் ரூமில்தான் வேலை. அங்கே ஏதாவது தப்பு நடந்தால், யார் மேல் சந்தேகம் விழுகிறதோ அவரை முதலில் உட்காரவைத்து முழுதாகப் பேசவிடுகிறேன். பெருமாள் எனக்குக் கொடுத்த புத்தி அது.

தேவராஜ் என்னை மன்னிக்கவில்லை. பட்டம் வாங்கியபின் ஒருமுறை போய்ப் பார்த்தேன், தலையை ஆட்டிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா பற்றி அவர் மனைவியிடம்தான் விசாரித்தேன். வேலை திரும்பக் கிடைத்தபோது பள்ளிக்கூட வருடம் முடிந்துவிட்டது, அதற்குள் அது வயசுக்கும் வந்துவிட்டது, அப்புறம் அனுப்பவில்லை என்றார்.

இதற்காகப் பெருமாளை நான் குறை சொல்லமாட்டேன். கேட்ட அன்றே அவர் பதில் சொல்லிவிட்டார். நான்தான் ஒரு மாதம் கேட்கப் போகவில்லை.

இதைப் படிக்கிற அன்பர்களில் யாராவது சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால், நாள் கிழமை பார்க்காதீர்கள். இன்றைக்கே போய் அவர் முன்னால் நில்லுங்கள். பயப்படாதீர்கள், கைவிட மாட்டார். நான் அப்படிப் போயிருந்தால் ஸ்டெல்லா இந்த வருடம் பத்தாவது படித்துக்கொண்டிருப்பாள்.