கிட்னிக் கிண்ணத்தில் சோழி

அரசாங்கப் பணத்தை எந்த வைத்தியத்துக்கு முதலில் செலவழிக்கலாம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலை, எண்பதுகளில் எனக்குக் கிடைத்தது. ஒரு பை நிறையச் சோழி, நாலு கிண்ணம். பிரசவம், கண், பிள்ளைகளின் வலிப்பு, கிட்னிக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மெஷின். எது முக்கியமோ அதில் அதிகம் போட வேண்டும். அவ்வளவுதான்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலேயே முதலில் ஒத்திகை பார்த்தேன். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் மெஷினுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முகம் வீங்கிக் காத்திருந்தாள். அவளோ எல்லாச் சோழியையும் மற்றக் கிண்ணங்களில் போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்று கத்திவிட்டேன்.

"எனக்கு வேணும்னு நானே அள்ளிப் போட்டுக்கறதா? அசிங்கமா இருக்கு லா. மத்தவங்க போடுவாங்க."

"ஆமா, ஊரே உனக்காக வரிசையில நிக்குது!"

பந்தியில் பசியோடு உட்கார்ந்தாலும் இன்னொரு கரண்டி கேட்காத ஜென்மம் அது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். பாயில் அவள் மகன் துவண்டு கிடந்தான். காலையில்தான் வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுச் சோழி போட ஆரம்பித்தாள். வலிப்புக் கிண்ணத்தை மட்டும் அவள் கை தாண்டித் தாண்டிப் போனது.

நான் எதுவும் சொல்லக் கூடாது. வாய் சும்மா இருந்தால்தானே? "உங்க பிள்ளைக்கு?" என்றேன்.

"நம்ம புள்ளைக்கு நாமளே கேட்டா நல்லாவா இருக்கும்க்கா? இந்தக் கிட்னிக்காரங்க பாவம் லா" என்று மிச்சத்தை அதில் கொட்டினாள்.

வேலை முடிந்த அன்று மேலதிகாரியிடம் மன்றாடிப் பார்த்தேன். "நோய் இருக்கற வீட்டுல வெட்கப்பட்டுக்கிட்டு தங்களுக்குப் போடல சார். காலிக் கிண்ணத்தப் பார்த்து வேணாம்னு எழுதிடாதீங்க."

"போட்டதுதாம்மா அவங்க விருப்பம்" என்றார். நல்லா இருப்ப நீ என்று மனதுக்குள் திட்டினேன். கூட்டிப் பார்த்ததில் கிட்னிதான் கடைசி.

வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அக்கா. செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"நம்ம கிண்ணத்துல யாராச்சும் போட்டாங்களா?" என்று கேட்டாள்.