இடது பக்க ஷாக்கிள்

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த மச்சான், போட்டிருந்த நல்ல பேன்ட்டோடு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவி ரோசியின் அண்ணன் அருள். வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஜீப் எங்கள் இருவருக்கும் பொது. ராணுவம் ஏலம் விட்ட வண்டி. சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் உரமூட்டை சுமந்தே துருப்பிடித்து, இப்போது குன்னூரில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரோசி அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது!

வேலை இதுதான். குலுக்கலைத் தாங்கும் முன்பக்க லீஃப் ஸ்பிரிங்கை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது ஷாக்கிள் - லாடம் போல வளைந்த ஓர் இரும்பு. அதன் முனையில் நட்டு போலத் திருகும், மரை போட்ட புஷ். அதைக் கழற்றினால்தான் ஸ்பிரிங் வெளியே வரும். சனிக்கிழமை காலையில் வலது பக்கம் சமர்த்தாகக் கழன்றுவிட்டது. சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

இடது பக்கம்? அசையவே இல்லை.

ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி இருவருமாகத் தொங்கினோம். டீசல் ஊற்றினோம். பக்கத்து வீட்டுக்காரர் நீலகிரித் தைலம் ஊற்றச் சொன்னார். இந்த ஊரில் தைலம் எதற்குத்தான் மருந்தில்லை? ஜீப்புக்குச் சளி பிடித்திருந்தால் சரியாகியிருக்கும். ஷாக்கிளில் சின்னதாக ஒரு மொட்டு துருத்திக்கொண்டிருந்தது. துருக்கட்டி என்று நினைத்து உளியால் சுரண்டினேன்... அதுவும் போகவில்லை.

ஞாயிறு மதியம் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாப்ளே, கிரைண்டர் போட்டு அறுத்துறலாமுங்க."

"அறுத்தா ராணுவத்து ஷாக்கிள் போச்சுங்க மச்சான். இந்த வண்டியில ஒரிஜினலா மிஞ்சியிருக்கறதே நாலஞ்சு சாமான்தான்."

"அப்ப நீங்களே அடியில படுங்க. என் இடுப்பு என்ன இரும்பா?"

"இரும்பா இருந்தா இந்நேரம் துருப்பிடிச்சிருக்குமுங்க."

சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் முகம் கறுத்துவிட்டது. வெளியே வந்து பேன்ட்டைத் தட்டினார். "இனி இந்த வண்டிப் பக்கமே வரமாட்டேனுங்க. என் ஸ்பேனர எடுத்துட்டுக் கெளம்பறேன்" என்றார்.

ஷாக்கிள் போனால் போகட்டும். இவர் வராமல் போனால் ஞாயிற்றுக்கிழமைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஸ்பேனரோ புஷ்ஷைக் கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. கோபத்தில் மச்சான் பைப்பைப் பிடித்து எதிர்ப்பக்கமாக ஒரு இழு இழுத்தார்.

க்ரீச்...

புஷ் அசைந்தது! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்னொரு இழு. இன்னும் கொஞ்சம் சுற்றியது.

அந்த இடது பக்க ஷாக்கிளுக்கு மரையே தலைகீழ். அதற்கு அடையாளமாக வைத்ததுதான் நான் உளியால் சுரண்டிய அந்த மொட்டு. ஆக, இரண்டு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அதை இறுக்கியிருக்கிறோம்!

ஒரு வேலை நடக்கவில்லையென்றால் நாம் என்ன செய்கிறோம்? பலத்தைக் கூட்டுகிறோம். பைப்பை நீளமாக்குகிறோம், எண்ணெயை மாற்றுகிறோம்... திசை மேல் மட்டும் சந்தேகமே வருவதில்லை. கூட இழுக்க இன்னொருவரும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மச்சான் கிளம்பவில்லை. "ஏனுங்க மாப்ளே, பின்பக்கமும் ஒண்ணு இப்படி இருக்குமோ?" என்றபடி மறுபடி அடியில் நுழைந்தார். எனக்கு உயிர் வந்தது.

டீ கொண்டுவந்த ரோசியிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணனின் கால்களை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள்.

"கல்யாணமானதுல இருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா இழுத்தது இந்த ஒரு தடவதானுங்க. அதும் தப்பான பக்கம்!"