பெட்ரோல் முள்

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் முள் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டேங்க் நிறைய இருந்தாலும் சரி, காலியாக இருந்தாலும் சரி, அது சிவப்புக் கோட்டின்மேல் சாய்ந்து படுத்தே கிடக்கும். அப்பா அதைப் பொருட்படுத்தியதே இல்லை. வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். நான் டேங்கில் காதை வைத்து, உள்ளே பெட்ரோல் சலசலக்கும் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும்.

"என்ன ஆயி, எவ்வளவு இருக்கு?" என்பார். என்னைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்.

"அர டேங்க் இருக்குப்பா" என்பேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே மூடியைத் திறந்து தானும் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வேலை எனக்கு ஒரு பதவி மாதிரி இருந்தது.

அதை என்னிடமிருந்து பறித்தவள் என் பெரியப்பா மகள்.

பெரியப்பா மாரடைப்பில் போனபோது விட்டுப்போனது அவளையும் அந்த வண்டியையும்தான். பெரியம்மா குவைத்தில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். போகிறபோது மகளையும் வண்டியையும் எங்கள் வீட்டில் விட்டுப்போனார். வண்டி வந்ததில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. அக்காவோடுதான் பிரச்சினை. அவளுக்குக் கோபம் வராது. பாத்திரத்தைச் சொல்லாமலே கழுவி வைப்பாள். எங்கள் வீட்டில் எதையும் கேட்டு வாங்கியதில்லை. இரண்டு தோசைக்கு மேல் அவளுக்குப் பசித்ததே இல்லை. அவள் வயிறு சின்னது என்றே நான் நினைத்திருந்தேன். அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் "அவளப் பாத்துக் கத்துக்க" என்று முடிப்பார். ஒரு ஆளை வெறுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்.

அவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை அது. வயலில் உளுந்து பறித்து முடித்தாகிவிட்டது, ஆற்றில் தண்ணீர் இல்லை, அப்பாவுக்கும் வேலை இல்லை. ஒரு நாள் காலையில் நான் வழக்கம்போல டேங்கில் காதை வைக்கப் போனபோது அக்கா வாசல்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பா, அந்த முள்ள சரி பண்ணிடலாம்."

"அது எங்க சரியாவும்? மீட்டரையே மாத்தணும்னுட்டான் மெக்கானிக்."

"மீட்டர்ல கோளாறா, டேங்க்ல கோளாறான்னு பாத்துட்டு மாத்தலாமே."

அப்பா சிரித்தபடி சாவியைக் கொடுத்தார். ஏதோ வீடியோவில் பார்த்திருந்தாள். பாடப் புத்தகத்தில் மின்தடை பற்றிப் படித்ததும் நினைவில் இருந்திருக்கிறது. டேங்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, இரண்டு வயர்கள் சேரும் ஒரு வெள்ளைக் கனெக்டரைப் பிரித்தாள். டேங்க் பக்கத்து வயர் தனியாக, மீட்டர் பக்கத்து வயர் தனியாக வந்தன. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தவள், என் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். கேட்கக்கூட இல்லை. அதன் இரண்டு கால்களையும் மீட்டர் பக்கத்துக் கனெக்டரின் இரண்டு துளைகளில் சொருகி, "சாவியப் போடுங்க சித்தப்பா" என்றாள்.

இரண்டு வருஷமாகப் படுத்திருந்த முள் எழுந்தது. சிவப்பைத் தாண்டி, பாதியைத் தாண்டி, கடைசிக் கோடு வரை போய் நின்றது.

"அட" என்றார் அப்பா.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. வயரும் நல்லா இருக்கு. கோளாறு டேங்குக்குள்ள."

அடுத்த நாள் பெட்ரோலை ஒரு கேனில் இறக்கிவிட்டு, டேங்குக்குள் இருந்த மிதவையைக் கழற்றி எடுத்தார்கள். கம்பியின் நுனியில் ஒரு சின்ன டப்பி. பெட்ரோல் ஏறினால் அது மிதந்து மேலே வரும், இறங்கினால் இறங்கும், முள் அதற்குத் தக்கபடி ஆடும். அக்கா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு அப்பாவின் காதருகே வைத்தாள். உள்ளே களக் களக் என்றது. எங்கேயோ ஓட்டை விழுந்து மிதவைக்குள்ளேயே பெட்ரோல் புகுந்து, அது அடியில் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

"மிதக்க வேண்டியது முங்கிக் கெடந்தா முள் என்ன பண்ணும்" என்று அப்பா சொல்லிச் சிரித்தார். டவுனுக்குப் போய் வேறு மிதவை வாங்கிவந்தார். ஒவ்வொரு லிட்டராக ஊற்றி, முள் எங்கே நிற்கிறது என்று இருவரும் பார்த்தார்கள். நான் கோழிக்குத் தீனி போடுகிற சாக்கில் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. மூன்றாவது லிட்டரை ஊற்றும்போது அப்பா, "சாயாமப் புடி ஆயி" என்றார். நான் ஓடிப் போய் நின்றேன். அவர் சொன்னது அக்காவிடம்.

அன்றிலிருந்து அப்பா வண்டியை ஆட்டுவதில்லை. சாவியைப் போடுவார், முள்ளைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க அண்ணன் மவ பண்ணுன வேல" என்று காட்டினார். பால்காரரிடம் இரண்டு தடவை காட்டினார்.

அந்த மாதத்திலேயே தஞ்சாவூரில் ஒரு விடுதிப் பள்ளியில் அக்காவுக்குத் தேர்வு இருந்தது. அதில் தேறினால் இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் அவர்களே போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தேர்வு. வண்டியிலேயே கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். அவள் போய்விட்டால் எனக்கு லாபம்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் பின்னால் அவ்வளவு தூரம் அவள் உட்கார்ந்து போகப்போகிறாள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

சனிக்கிழமை என் மாமா, அம்மாவின் தம்பி, வண்டியை இரவல் வாங்கிப் போய் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். மாமா கையால் யாருடைய வண்டிக்கும் பெட்ரோல் போட்டு ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார், அக்கா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் டேங்குக்கு அடியில் விரலை விட்டேன். அக்கா சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்து, கனெக்டரைப் பிடுங்கி, என் ஹேர்பின் ஒன்றை அவள் சொருகிய மாதிரியே சொருகினேன். பச்சை மணி வைத்த ஹேர்பின் அது. திரும்ப டேப்பைச் சுற்றிவிட்டேன். முள் பொய் சொல்லும், அப்பாவுக்கு அலுத்துப்போகும், பழையபடி என்னைக் கூப்பிடுவார். என் யோசனை அதோடு நின்றுவிட்டது.

காலையில் அப்பா சாவியைப் போட்டதும் முள் கடைசி வரை ஏறி நின்றது. நம்ப முடியாமல் மாமாவுக்கு அங்கேயே போன் போட்டார்.

"என்ன மாப்ள, டேங்க் ரொப்பிட்டியாமே?"

மாமா அந்தப் பக்கம் ஒரு நொடி யோசித்திருக்க வேண்டும். "இருக்கட்டும் மச்சான், புள்ள பரீச்சைக்குப் போவுதுல்ல" என்றார். வாழ்நாளில் முதல்முறையாகக் கிடைத்த நல்ல பெயரை அவர் எப்படி வேண்டாமென்பார்.

வடுவூர் தாண்டி வண்டி நின்றது. மாமா ஏற்கனவே ரிசர்வையும் திறந்து ஓட்டித் தீர்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் சாலையில் ஆள் இல்லை. இருவரும் வெயிலில் வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு வைக்கோல் ஏற்றிப்போன ஒரு லாரியில் அப்பா அவளை ஏற்றிவிட்டு, பெட்ரோல் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே பரீட்சை அட்டையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாளாம். அரை மணி நேரம் தாமதம். காவலாளி உள்ளே போய்க் கேட்டுவந்து கையை விரித்துவிட்டார்.

மத்தியானம் திரும்பிவந்து வண்டியை நிறுத்தியதும் அக்கா முகம்கூடக் கழுவாமல் டேங்குக்கு அடியில் விரலை விட்டாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். டேப்பைப் பிரித்தாள். பச்சை மணி வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

"என்னம்மா கோளாறு?" என்று அப்பா கேட்டார்.

அவள் கையை மூடிக்கொண்டாள். "நான்தான் சித்தப்பா. கனெக்டர சரியா மாட்டாம விட்டுட்டேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அம்மாதான், "தெரியாத வேலையில கைய வச்சா இப்புடித்தான் ஆவும்" என்றார். அக்கா அதற்கும் தலையை ஆட்டினாள். மறுநாள் எனக்குப் பின்னல் போட்டுவிட்டபோது பச்சை மணி ஹேர்பின்னை என் காதுக்கு மேலே சொருகினாள். வலிக்காமல்தான் சொருகினாள். ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. பயம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து பெரியம்மா பேசினார். அக்கா போனை எடுத்துக்கொண்டு கொல்லைக் கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வாழை மறைவில் நின்றேன். அவள் என்னைப் பற்றிச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

"இல்லம்மா, பரீச்சை எழுதல. நானேதான் வேண்டாம்னுட்டேன்" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஆஸ்டல்லாம் எனக்கு ஒத்துவராதும்மா. இங்கயே நல்லா இருக்கு. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. தங்கச்சியும் பாசமா இருக்கா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாப்புடுறேம்மா. வயிறு நெறைய சாப்புடுறேன். நீ அழுவாத."

எனக்குப் புரிந்துபோயிற்று. இவள் போகப்போவதே இல்லை. போக இஷ்டமில்லாமல்தான் தேர்வையே விட்டிருக்கிறாள். எங்கள் வீடு இவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

நேராக அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காவுக்கு இங்கயே இருக்கத்தான் புடிச்சிருக்காம்மா. அதனாலதான் பரீச்சை எழுதலயாம். வயிறு நெறைய சாப்புடுறாளாம். பெரியம்மாகிட்ட சொல்லுறா" என்று புகார் சொன்னேன்.

அம்மா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கல்லில் தோசை ஓரம் கருக ஆரம்பித்தது. அவருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கிணற்றடி வரை கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.