ஒட்டோகரின் மூச்சு

யாரும் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் இது நடந்தது. மேடையில் நானும் இருந்தேன்.

வியன்னாவில் நாங்கள் நால்வராக வாசிக்கும் குழு. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, ஒரு செல்லோ. கை அசைத்து நடத்த ஆள் கிடையாது. பிறகு எப்படி ஒன்றாகத் தொடங்குகிறோம்? மூச்சுதான். தொடங்க வேண்டியவர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அதன் வேகம்தான் இசையின் வேகம். அதன் அழுத்தம்தான் முதல் சுரத்தின் அழுத்தம். பல வருடம் சேர்ந்து வாசித்தால், கண்ணை மூடிக்கொண்டே அது யாருடைய மூச்சு என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வியோலாக்காரர் ஒட்டோகரின் மூச்சு நீளமானது. முடிவில் மெல்லிய விசில் கேட்கும்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஞாயிறு காலைக் கச்சேரி ஒன்று வந்தபோது, முதல் வயலின் லியோபோல்ட் அவரிடம் கேட்காமலே வியோலா வாசிக்க டெஸா என்ற பெண்ணை அமர்த்திவிட்டான். அவரிடம் யார் சொல்வது?

“பக்கத்துல உக்காந்து அவரு மிட்டாயை எல்லாம் தின்னவன் நீதான்டா. நீயே சொல்லு,” என்றான் லியோபோல்ட்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹாலில் ஹீட்டர் கெட்டுவிட்டது, கச்சேரி ரத்து என்று போனில் சொன்னேன். அதற்கென்ன, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னார். கச்சேரி முடிந்ததும் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு. ஹால் நிறைந்திருந்தது. டெஸா நன்றாகவே வாசித்தாள்.

மெதுவான பகுதி வந்தது. அதன் நடுவில் நால்வரும் நிறுத்துவோம். பிறகு வியோலாக்காரர் மூச்சிழுக்க, மற்றவர்கள் கூடவே தொடங்க வேண்டும்.

நிறுத்தினோம்.

அமைதி...

மூச்சு கேட்டது. நீளமாக. முடிவில் விசில்.

மூன்று வில்லும் ஒன்றாக இறங்கின.

டெஸாவைப் பார்த்தேன். அவள் வில் இன்னும் மடியில் இருந்தது.

ஆனால் வியோலா ஒலித்தது... நடுக்கமே இல்லாமல்.

ஒரே ஒரு சுரம்.

பிறகுதான் அவள் வந்து சேர்ந்துகொண்டாள்.

மேடைக்குப் பின்னால் டெஸா கேட்டாள். “எனக்கு முன்னாடி மூச்சிழுத்தது யாரு? நீங்களா?”

லியோபோல்ட் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது என் போன் அடித்தது. ஒட்டோகரின் மனைவி வால்புர்கா.

“அரை மணி முன்னாடி, அலோயிஸ். கச்சேரிக்குப் போடற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு நாற்காலியில உக்காந்தாரு. நீளமா ஒரு மூச்சு இழுத்தாரு. அப்புறம் விடவே இல்ல.”

அவள் அழவில்லை. பிறகு கேட்டாள்.

“கச்சேரிதான் ரத்தாச்சே. எதுக்குக் கோட்டு போட்டாரு?”

எனக்குத் தெரியாது என்றேன்.